பக்கத்து வேலைகளுக்குக் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா?

நிழற்சாலை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட தூரம் ஓட்டுவதைப் பற்றியோ, உடம்பு இளைக்க ஓட்டுவதைப் பற்றியோ நான் கேட்கவில்லை. வீட்டு வேலையாக வெளியே போய் வருவதைப் பற்றித்தான் கேள்வி.

எங்கள் வீட்டிலிருந்து மருந்துக்கடை ஒன்றரை கிலோமீட்டர். காய்கறியும் மளிகையும் வாங்கும் இடம் இரண்டரை. நூலகமும் தபால் நிலையமும் ஒரே பக்கம், மூன்று கிலோமீட்டருக்குள். மகள் பாட்டு வகுப்புக்குப் போகிற இடம் நான்கு. இத்தனைக்கும் காரைத்தான் எடுக்கிறோம். ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, இரண்டு சிக்னல் தாண்டினால் இடம் வந்துவிடுகிறது. அப்புறம் நிறுத்த இடம் தேடிச் சுற்ற வேண்டும். ஒரு மாத்திரை அட்டை வாங்க ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நகர்த்துகிறோமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். ஆனாலும் அடுத்த முறையும் கை கார்ச்சாவியைத்தான் எடுக்கிறது.

வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறது, ஓடுகிற நிலையில்தான். மனைவியும் நானும் இதைப் பற்றிப் பேசுவோம், ஒரு வாரம் நடக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். விட்டுப்போகாமல் தொடர்கிறவர்கள் எப்படித் தொடர்கிறீர்கள்? சாமான் எப்படி எடுத்து வருகிறீர்கள்? வேர்வைக்கு என்ன செய்கிறீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். "ரெண்டு கிலோமீட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகிடப்போகுது, இதுக்குப் போய் மெனக்கெடணுமா?" என்று என் தம்பி கேட்கிறான். அவனுக்குச் சரியான பதில் என்ன?

எண்ணெய்க்கை எழுதியது:

உங்கள் தம்பியின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கார் பழுதுபார்ப்பது என் தொழில். சைக்கிளைப் பற்றி ஓட்டுகிறவர்கள் சொல்லட்டும்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதைச் சரிக்கட்ட, வண்டியைக் கிளப்பியதும் எஞ்சின் வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலை உள்ளே தெளித்துக்கொள்கிறது. எஞ்சின் ஆயிலும் அப்போது கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும். ஆகவே முதல் ஓரிரு கிலோமீட்டரில் கிடைக்கும் மைலேஜும் நெடுஞ்சாலையில் கிடைக்கும் மைலேஜும் ஒன்றல்ல. புகையும் அப்படித்தான். சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை நச்சு வாயு பெரும்பாலும் அப்படியே வெளியே போகிறது. ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டம் என்றால் அதில் பெரும்பகுதி இந்த நிலையிலேயே முடிந்துவிடும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வரும், அது பலருக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் நீராவியாக வரும், அது அவ்வளவாகத் தெரியாது. நீண்ட ஓட்டத்தில் அந்த ஆவி சூட்டோடு வெளியேறிவிடும். சின்ன ஓட்டத்தில் சைலன்சருக்குள்ளேயே நீராகித் தேங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்த மின்சாரம் திரும்ப ஏறுவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். டீசல் வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும், குட்டி ஓட்டங்களில் அது அடைத்துக்கொள்ளும்.

தூரம் குறைந்தால் செலவும் அதே அளவில் குறையும் என்று உங்கள் தம்பி கணக்குப் போடுகிறார். காரைப் பொறுத்தவரை மிகக் கெட்ட கிலோமீட்டர்கள் இந்தச் சின்ன ஓட்டங்கள்தான். அவற்றை மட்டும் எடுத்துவிட்டால் கார் நன்றாக உழைக்கும். வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டிவிடுங்கள், பேட்டரிக்காக.

பின்கேரியர் எழுதியது:

தம்பி, வயதில் சிறியவராகத் தெரிகிறது, அப்படியே கூப்பிடுகிறேன். நான் ஐம்பதைத் தாண்டியவள். வீட்டில் வயதான மாமியார், வேலைக்குப் போகும் மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேரன். வெளிவேலை பெரும்பாலும் என் பொறுப்பு. அதில் மிகப் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகச் சைக்கிளில்தான் செய்கிறேன். காரும் எங்களிடம் உண்டு, நன்றாக ஓட்டவும் செய்வேன்.

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: "ஓடுகிற நிலையில்தான்" இருக்கிறது என்றீர்கள். சரி, இப்போது அந்தச் சைக்கிள் எங்கே நிற்கிறது? அதை வெளியே எடுக்க எத்தனை பொருளை நகர்த்த வேண்டும்? டயரில் காற்று இருக்கிறதா? பூட்டு எங்கே, சாவி எங்கே, பை எங்கே? இருட்டிவிட்டால் விளக்கு எரியுமா?

உங்கள் கார் வாசலில் நிற்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. சாமான் வைக்க டிக்கி இருக்கிறது, விளக்கு அதிலேயே இருக்கிறது. அது எப்போதும் கிளம்பத் தயாராக இருக்கிறது, சைக்கிள் தயாராக இல்லை. தயாராக இருப்பதைத்தான் கை எடுக்கும். இதில் மன உறுதி என்று ஒன்றும் இல்லை. மூன்று கிலோமீட்டர் யாரையும் தடுப்பதில்லை. கிளம்புவதற்கு முன் வரும் அந்த ஐந்து நிமிடம்தான் ஆளை நிறுத்திவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தை ஒரு முறை உட்கார்ந்து ஒழித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் இரண்டின் இடத்தையும் மாற்றினேன். சைக்கிள் வாசலை ஒட்டி நிற்கும், கார் அதற்குப் பின்னால். காரை எடுக்க வேண்டுமென்றால் சைக்கிளை நகர்த்தியாக வேண்டும். சைக்கிள் பூட்டின் சாவியை வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்துவிட்டேன். கார்ச்சாவி உள்ளறை அலமாரிக்குப் போய்விட்டது. பூட்டை எடுத்து உள்ளே வைப்பதே இல்லை, எப்போதும் வண்டியிலேயே மாட்டியிருக்கும். பையும் அப்படித்தான். பம்ப் சுவரில் சைக்கிளுக்கு நேர் மேலே தொங்குகிறது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் காற்று பார்த்துவிடுவேன். பஞ்சர் ஆகாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று மெதுவாகக் கசிந்துகொண்டுதான் இருக்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். காற்று குறைந்த டயரில் மிதித்துவிட்டு "சைக்கிள் எனக்கு ஒத்துவராது" என்று நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்கள் கால் மேல் பழி.

விளக்குக்கு முன்சக்கரத்தின் அச்சிலேயே டைனமோ உள்ள சக்கரம் போட்டேன். 6 வோல்ட், 3 வாட். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். சார்ஜ் போட மறந்தேன் என்ற பேச்சே கிடையாது. செலவு பிடிக்கும்தான். ஆனால் இருட்டிய பிறகு மருந்து வாங்கப் போக வேண்டியவளுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் வேறு இல்லை என்பேன். சார்ஜ் செய்யும் விளக்கு போதும் என்றால் அதையும் வண்டியிலிருந்து கழற்றாமல் சார்ஜ் போடுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சாமானுக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் முதலில் முன்கூடையைத்தான் நினைப்பார்கள். முன்கூடை குடைக்கும் சின்னப் பொட்டலத்துக்கும் சரி. அதில் ஐந்து கிலோவை வைத்தால் ஹேண்டில்பார் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும், வண்டியை நிறுத்தும்போது முன்சக்கரம் மடங்கிச் சாயும். ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிடவே கூடாது. அது ஆடி ஆடி ஒரு நாள் கம்பிக்குள் போகும், முன்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், நீங்கள் ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழுவீர்கள். பின்னால் உறுதியான கேரியர், அதன் இரண்டு பக்கமும் தொங்கும் பைகள், இதுதான் ஏற்பாடு. எடை சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்கும். அதனால் வண்டி ஆடாது. கேரியரில் தாங்கும் எடை பொறித்திருக்கும், 25 கிலோ என்று இருப்பது பரவலாகக் கிடைக்கும். கனமானதை அடியில் வையுங்கள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வையுங்கள். கனியும் கீரையும் மேலே. ஒற்றைக்கால் ஸ்டாண்டு வேண்டாம், இரண்டு கால் ஸ்டாண்டு போடுங்கள். சாமான் ஏற்றும்போது வண்டியைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் தேவைப்படாது.

இப்படி ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்ததும் வாங்கும் விதமே மாறியது. முன்பு வாரத்துக்கு ஒரு முறை டிக்கி நிறைய வாங்குவோம். இப்போது இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். காய் வாடிக் குப்பைக்குப் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இது நான் எதிர்பார்க்காத லாபம். பெரிய மூட்டை, உடையும் சாமான், மாமியாரை மருத்துவரிடம் கூட்டிப்போவது, இவற்றுக்குக் கார்தான். அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை. கார் செய்ய வேண்டிய வேலையைக் கார் செய்யட்டும்.

வேர்வைக்கு ஒரே வழி, மெதுவாகப் போவதுதான். மணிக்கு 15 கிலோமீட்டர் போதும். வேகம் கூடக் கூடக் காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதாவது 15லிருந்து 20க்குப் போனால் காற்றுக்காகவே இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி செலவழிக்கிறீர்கள். மூன்று கிலோமீட்டரில் அதனால் மிச்சமாவது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காகச் சட்டையை நனைத்துக்கொள்வானேன்? முதுகில் பை மாட்டாதீர்கள், வேர்வை பாதி அங்கேதான். ஓட்டும்போது காற்றுபட்டு உலர்ந்துகொண்டே வரும். நின்றவுடன்தான் வேர்வை கொட்டும். கடைசி இருநூறு முந்நூறு மீட்டரை இன்னும் மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தால் உடம்பு அதற்குள் ஆறிவிடும்.

முழங்கால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சீட்டைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பெரும்பாலான வீட்டுச் சைக்கிள்களில் சீட் இரண்டு மூன்று விரற்கடை தாழ்வாகவே இருக்கும். நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று இறக்கி வைத்திருப்பார்கள். நுனிக்கால் ஊன்றினால் போதும்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்று கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம். காரில் போனால் நிறுத்த இடம் தேடி, இறங்கி நடந்து, அதே நேரம் ஆகும், சில சமயம் கூடவும் ஆகும். போகப் பன்னிரண்டு, வரப் பன்னிரண்டு என்றால் வாரத்தில் ஆறு நாளில் 144 நிமிடம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மளிகையும் மருந்தும் வாங்கி வருவதிலேயே ஏறக்குறைய அது வந்துவிடுகிறது. தனியாக நடக்கப் போக எனக்கு நேரமும் கிடையாது, விருப்பமும் கிடையாது.

நிழற்சாலை எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில், இரண்டு பழைய நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. பின்டயரில் காற்று இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பதில் இதுபோலத்தான். எண்ணெய்க்கை அண்ணா, உங்கள் விளக்கத்தைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அவனுடையது டீசல் வண்டி, இப்போது அவன்தான் என்னைவிட அதிகம் கேள்வி கேட்கிறான்.

மனைவிக்குப் பயம் வண்டிகளைப் பற்றி. பாட்டு வகுப்புக்குப் போகும் வழியில் ஏறக்குறைய அறுநூறு மீட்டர் பெரிய சாலை, லாரி போகும். மகளுக்கு ஒன்பது வயது, தனிச் சைக்கிள் ஓட்டுவாள். அந்தத் துண்டை என்ன செய்வது? மழைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஏற்றவழி எழுதியது:

பின்கேரியர் அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மேட்டுப்பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன். மெதுவாகப் போனால் வேர்க்காது என்பது சமதரைக்குத்தான் பொருந்தும். ஏற்றத்தில் சாமானோடு மெதுவாகப் போனாலும் வேர்க்கும். நான் மின்துணைச் சைக்கிளுக்கு மாறிய பிறகுதான் எனக்கு இது அன்றாட வழக்கமாயிற்று. மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும் வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் துணை நின்றுவிடும், அதைச் சைக்கிளாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். ஒப்பிட வேண்டியது காரோடு.

பயத்தைப் பற்றி எனக்கு வேறு ஒரு கருத்து உண்டு. உங்கள் மனைவி பயப்படுவது நியாயம். அதை அவர் மனத்தில் சரிசெய்ய வேண்டிய குறையாகப் பார்க்காதீர்கள், சாலையின் குறையாகப் பாருங்கள். நெதர்லாந்தில் ஆதியிலிருந்தே எல்லோரும் பத்திரமாகச் சைக்கிள் ஓட்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கேயும் கார்தான் பெருகியது. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே பெற்றோர்கள் ஓர் இயக்கம் நடத்தித் தெருவில் உட்கார்ந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள், வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிள் ஓட்டினார்கள். தனிப் பாதைகள் அதற்குப் பிறகு, ஊர் ஊராகக் கேட்டுக் கேட்டு வந்தவை. இன்று அங்கே மக்கள் போய்வரும் பயணங்களில் கால்பங்குக்கு மேல் சைக்கிளில் நடக்கிறது.

ஆகவே அந்த அறுநூறு மீட்டருக்காக உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பாட்டு வகுப்புக்கு வரும் மற்றப் பெற்றோர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். "சைக்கிள் வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்தத் திருப்பத்தில் லாரி குழந்தைகளை நெருக்குகிறது என்று குறிப்பிட்டு எழுத வேண்டும்.

பின்கேரியர் எழுதியது:

ஏற்றவழி சொன்ன இரண்டும் உண்மை. எழுதிக் கொடுங்கள் தம்பி, அந்தப் பாதை வரும்வரை என்ன செய்வது என்று நான் சொல்கிறேன்.

காரில் போகும் வழியிலேயே சைக்கிளிலும் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காருக்கு வேகமான வழி பெரிய சாலை, அதனால் அந்த வழிதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஒரு விடுமுறை நாள் காலை, போக்குவரத்து இல்லாத நேரத்தில், நீங்களும் மனைவியும் மட்டும் போய்ப் பாருங்கள். உள்தெரு, பூங்காவை ஒட்டிய சந்து, முட்டுச்சந்து போலத் தெரிந்து சைக்கிள் மட்டும் நுழைகிற இடைவெளி, இப்படி ஏதாவது கிடைக்கும். அரை கிலோமீட்டர் சுற்று என்றால் இரண்டு நிமிடம்தான் கூடும். எங்கள் வீட்டிலிருந்து நூலகத்துக்கு நான் போகும் வழி என் மகனுக்கே தெரியாது, அவன் அங்கே காரில் மட்டுமே போயிருக்கிறான்.

வேறு வழியே இல்லையென்றால் அந்த அறுநூறு மீட்டரில் இறங்கி நடைபாதையில் தள்ளிக்கொண்டு போங்கள். ஏழு எட்டு நிமிடம். மீதி மூன்று கிலோமீட்டருக்கு மேல் மகள் ஓட்டத்தான் போகிறாள். ஒரு துண்டுக்காக முழு வழியையும் காரிடம் கொடுக்க வேண்டாம். பிள்ளையோடு ஓட்டும்போது அவள் முன்னால், நீங்கள் பின்னால், வண்டிகள் போகும் பக்கமாகச் சற்றே விலகி ஓட்டுங்கள். வருகிறவன் முதலில் உங்களைப் பார்த்து ஒதுங்குவான், அவளுக்கு இடம் கிடைத்துவிடும்.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள். ஒரு மீட்டராவது தள்ளியே ஓட்டுங்கள், கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படித் தள்ளி ஓட்டினால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். லாரி விஷயத்தில் மட்டும் நான் மிகக் கண்டிப்பு. சிக்னலில் லாரி நின்றால் அதன் பக்கத்து இடைவெளியில் புகுந்து முன்னே போகவே கூடாது, முக்கியமாக அது திரும்பப்போகும் பக்கத்தில். திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடம் ஓட்டுநருக்குத் தெரியவும் தெரியாது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள். இதை மகளுக்கு நிறுத்தி வைத்த ஒரு லாரியின் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது மனத்தில் நிற்கும். என் பேரனுக்கு அப்படித்தான் காட்டினேன். அவன் அதன் டயர் தன் நெஞ்சு உயரம் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தானாகவே இரண்டடி பின்னால் போனான்.

மழைக்கு மட்கார்டு முழுசாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மேலே இருந்து விழும் தண்ணீரைவிடச் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் துணியைக் கெடுக்கும். செயினுக்கு முழு மூடி இருந்தால் துணி மாட்டாது, எண்ணெய்க் கறையும் படாது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ஈரத்தில் முதலில் வழுக்கும், ஆகவே கொஞ்சம் முன்னதாகவே மெல்ல அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். சாலையில் பெயிண்ட் அடித்த கோட்டின் மேலும் இரும்பு மூடியின் மேலும் திரும்பாதீர்கள், பிரேக் போடாதீர்கள். கொட்டுகிற மழையென்றால் காரில் போங்கள், அல்லது ஒரு மணி நேரம் பொறுங்கள். நூலகப் புத்தகம் நாளைக்கும் திருப்பிக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பள்ளி விடும் நேரத்தில் எங்கள் தெருவில் காரை ஒட்டிக் கார் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குழந்தை. "ரோட்டுல வண்டி ஜாஸ்தி, பயமா இருக்கு, அதான் கார்ல கொண்டுவர்றேன்" என்று ஒவ்வொரு தாயும் சொல்கிறாள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை அவர்களுடையவைதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு மனம் கஷ்டமாக இருக்கிறது. ஒருவர் மாறினால் நடந்து வரும் ஒரு பிள்ளைக்கு ஒரு கார் குறைகிறது. நான் ஒவ்வொரு முறை சைக்கிளை எடுக்கும்போதும் அந்த ஒரு பிள்ளையைத்தான் நினைக்கிறேன்.

நிழற்சாலை எழுதியது:

நாற்காலிகளைக் கொடுத்துவிட்டோம். சைக்கிள் வாசலுக்கு வந்துவிட்டது, டியூப் மாற்றியாயிற்று, சீட்டும் ஏற்றியாயிற்று. மருந்துக்கடைக்கும் தபால் நிலையத்துக்கும் அதிலேயே போய்வந்தேன். பாட்டு வகுப்புக்கு ஓர் உள்தெரு வழி மனைவிதான் கண்டுபிடித்தார், பெரிய சாலையை ஓர் இடத்தில் குறுக்கே கடந்தால் போதும், அங்கே சிக்னல் இருக்கிறது. விண்ணப்பமும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது சின்னச் சந்தேகம். கேரியர் வாங்கப் போனேன். என் சைக்கிளின் பின்பக்கக் கம்பியில் கேரியரைப் பொருத்தும் திருகுத் துளைகள் இல்லை. வேறு சைக்கிள்தான் வாங்க வேண்டுமா? பூட்டு எப்படிப் போட்டால் நல்லது?

பின்கேரியர் எழுதியது:

வேண்டாம், இருப்பதே போதும். கம்பியைச் சுற்றிப் பிடிக்கும், உள்ளே ரப்பர் வைத்த கிளிப்புகள் கிடைக்கும். கம்பியின் தடிமனை அளந்து கொண்டுபோய் அந்த அளவில் வாங்குங்கள். அவற்றில் கேரியரைத் திருகிவிடலாம். ஆனால் இப்படிப் பொருத்தினால் கேரியரில் போட்டிருக்கும் முழு எடையை ஏற்றாதீர்கள், பாதியோடு நிறுத்துங்கள். முதல் சில முறை போய் வந்ததும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேம் கார்பன் என்றால் இது கூடாது, இரும்போ அலுமினியமோ என்றால் கவலையில்லை. பூட்டுக்கு யு வடிவப் பூட்டுதான் நல்லது. பின்சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்து, அசையாத கம்பியோடு பூட்டுங்கள். பூட்டுக்குள் வெற்றிடம் குறைவாக இருந்தால் நெம்புகோல் நுழைக்க இடம் இருக்காது.

பையை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பாதம் பெரிது என்றால் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கும். கேரியரைக் கடைசியாக முறுக்குவதற்கு முன் பையை மாட்டி, சீட்டில் உட்கார்ந்து, ஒருவரை வண்டியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இடித்தால் பையை நாலு விரற்கடை பின்னால் தள்ளி மாட்டுங்கள்.